சிமுலேஷன் லைசென்ஸ் வாங்கும் முன் ஒரு நாள் பவுண்டரிக்குள் வாருங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டத் தொழில் மையங்களின் பொது மேலாளர்களுக்கும், ஓசூர் வட்டாரச் சிறு, குறுந்தொழில் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், பர்கூர், தர்மபுரி அரசுப் பொறியியல் கல்லூரிகளின் இயந்திரவியல் துறையினருக்கும்,

வணக்கம்.

வார்ப்படத் தொழிலுக்கு, பல பவுண்டரிகளும் (வார்ப்பாலைகளும்) பகிர்ந்து பயன்படுத்தும் பொது வசதி மையம் என்ற பேச்சு நம் வட்டாரத்தில் எப்போது எழுந்தாலும், எந்தச் சிமுலேஷன் மென்பொருள், என்ன விலை என்ற இரண்டு கேள்விகளோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. மையம் வேண்டும் என்பதில் பவுண்டரித் தளத்தில் வேலை செய்யும் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஒதுக்கும் பணம் முழுவதும் லைசென்ஸுக்கே போய், வெப்பநிலையும் மணலும் அளக்க ஆளும் கருவியும் இல்லாமல் மையம் திறக்கப்பட்டால், அங்கிருந்து வண்ணப் படங்கள் வரும், நல்ல வார்ப்பு வராது. ஏன் அப்படி என்பதைக் கணக்கோடு சொல்லத்தான் இந்த மடல்.

முதலில், உருகிய உலோகம் அச்சில் நிரம்பி உறைவதைக் கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் எதற்கு என்று நேரடியாகப் பார்ப்போம். கார்பன் ஸ்டீலில் ஒரு பிராக்கெட். 12 மி.மீ. தடிமனுள்ள தட்டு, அதன் ஒரு முனையில் 60 மி.மீ. விட்டமும் 60 மி.மீ. உயரமும் கொண்ட பாஸ், அதாவது தடித்த உருளை மேடு. உருகிய உலோகம் எவ்வளவு நேரத்தில் உறையும் என்பதைத் தீர்மானிப்பது கன அளவை மேற்பரப்பால் வகுத்தால் வரும் மாடுலஸ். உறையும் நேரம் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று 1940-இல் குவோரினோவ் காட்டினார். தட்டின் மாடுலஸ் 6 மி.மீ., பாஸின் மாடுலஸ் சுமார் 10 மி.மீ. அதாவது தட்டு உறைந்து முடிந்தபின்னும், அது எடுத்த நேரத்தைப்போல ஏறத்தாழ 2.8 மடங்கு நேரம் ஆகும்வரை பாஸின் நடுவில் திரவம் இருக்கும்.

மணல் அச்சு அடைத்த பெட்டியில் இடம் வசதியாக இருக்கிறதே என்று, சுருங்கும் வார்ப்புக்கு உலோகம் ஊட்டும் ரைசரைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டால், பாஸ் சுருங்கும் நேரத்தில் ரைசரிலிருந்து உலோகம் வரும் வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும். பாஸின் நடுவில் ஷ்ரிங்கேஜ் குழி, அதாவது சுருக்கத்தால் வரும் வெற்றிடம், விழும். வெளியிலிருந்து பார்த்தால் வார்ப்பு பளிச்சென்று இருக்கும். ஷாட் பிளாஸ்ட் முடிந்து, பெயின்ட் அடித்து, வாடிக்கையாளரின் மெஷின் ஷாப்பில் போரிங் போடும்போதுதான் குழி தெரியும். அதற்குள் லாட் முழுவதும் போய்ச் சேர்ந்திருக்கும்.

ரைசரைப் பாஸின் பக்கத்துக்கு மாற்றினால் அதன் மாடுலஸ் 1.2 மடங்கு, அதாவது 12 மி.மீ. வேண்டும். உயரம் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு என்று வைத்தால் 64 மி.மீ. விட்டம், 96 மி.மீ. உயரம். கன அளவு 309 க.செ.மீ. சாதாரண மணல் ரைசர் தன் கன அளவில் 14 சதவீதத்தைத்தான் வார்ப்புக்குக் கொடுக்கும், 43 க.செ.மீ. கிடைக்கும். இந்தப் பாஸுக்கு அது தாராளம். இல்லையென்றால் எக்ஸோதெர்மிக் ஸ்லீவ் (வெப்பம் தரும் உறை) போட்டுச் சின்ன ரைசரிலேயே முடிக்கலாம். அல்லது பாஸுக்கு அடியில் சில் (வெப்பத்தை இழுக்கும் உலோகத் துண்டு) வைத்து அதைச் சீக்கிரம் உறையவைக்கலாம். இந்த மூன்றில் எது மலிவு, எது பாதுகாப்பு என்பதை ஒரே மதிய நேரத்தில் கணினியில் ஓட்டிப் பார்த்துவிடலாம். மணலில் ஊற்றி, அறுத்து, பேட்டர்னை (அச்சு எடுக்கும் மாதிரியை) மாற்றி, மறுபடி ஊற்றிப் பார்ப்பதென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வாரம் போகும். கையால் கணக்குப் போடக்கூடிய பிராக்கெட்டே இப்படி என்றால், ஏழெட்டு பாஸும் நான்கு கோரும் (உள்வெற்றிடம் உருவாக்கும் மணல் துண்டு) உள்ள பம்ப் ஹவுசிங்குக்குக் கணினி இல்லாமல் முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. வார்ப்பின் எடையை ஊற்றிய மொத்த எடையால் வகுத்தால் ஈல்டு. 55 சதவீத ஈல்டில் ஒரு டன் வார்ப்பு எடுக்க 1,818 கிலோ உருக்க வேண்டும். 65 சதவீதமானால் 1,538 கிலோ போதும். இண்டக்ஷன் பர்னஸில் டன்னுக்கு 600 யூனிட் என்று வைத்தால் 280 கிலோவுக்கு ஏறத்தாழ 168 யூனிட். ஒவ்வொரு டன் நல்ல வார்ப்புக்கும் இது மிச்சம். மின் கட்டணத்தைப் பற்றிப் பேசும் சங்கங்கள் இந்தக் கணக்கையும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வளவு பயனுள்ள கருவி ஏன் பல இடங்களில் ஏமாற்றுகிறது? உள்ளே கொடுக்கும் எண்கள் பவுண்டரியில் அளந்தவை அல்ல என்பதுதான் காரணம். இப்போது சிறு பவுண்டரிகள் வேலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து வெளியூரில் சிமுலேஷன் செய்து வாங்குகின்றன. வரும் அறிக்கையில் முப்பது, நாற்பது பக்கம் படம் இருக்கும். ஊற்று வெப்பநிலை என்ன கொடுத்தார்கள், எத்தனை விநாடியில் அச்சு நிரம்பும் என்று எடுத்துக்கொண்டார்கள், எந்த மணல் என்பவை ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அறிக்கையைக் கேட்பது வாடிக்கையாளர் என்பதால் அவருக்கு அனுப்பியதோடு வேலை முடிகிறது. மோல்டிங் தளத்தில் இருப்பவர் அதைப் பார்ப்பதே இல்லை.

ஊற்று வெப்பநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். கிரே அயர்ன் பர்னஸில் 1,480 டிகிரி காட்டும். லேடிலுக்கு (ஊற்றும் வாளிக்கு) வந்து, மேலே நிற்கும் கசடு எடுத்து, டிராலியில் தள்ளி முதல் பெட்டிக்கு வரும்போது 1,400. சிறு லேடிலில் கடைசிப் பெட்டி நிரம்பும்போது 1,330-க்கும் இறங்கியிருக்கும். சிமுலேஷனில் 1,400 என்று ஓர் எண் மட்டும் போட்டால், மெல்லிய ரிப்புகள் அழகாக நிரம்புவதாகக் காட்டும். தளத்தில் கடைசி நான்கு பெட்டிகளில் கோல்டு ஷட் (உலோகம் ஆறி ஒட்டாமல் நிற்கும் கோடு) விழும். மென்பொருள் மேல் பழி போட இதில் ஒன்றும் இல்லை; அதனிடம் கேட்டது முதல் பெட்டியைப் பற்றி மட்டும்தான். ஆகவே ஒரே வடிவமைப்பை முதல் பெட்டி, கடைசிப் பெட்டி என்று இரண்டு வெப்பநிலையில் ஓட்ட வேண்டும். அதற்கு டிப் தெர்மோகப்பிளால் (உலோகத்தில் முக்கும் வெப்பமானியால்) இரண்டு இடத்திலும் அளந்திருக்க வேண்டும்.

நிரம்பும் நேரமும் அப்படியே. உலோகம் இறங்கும் செங்குத்து வழியான ஸ்புரூ எப்போதும் நிறைந்திருக்கும் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். தளத்தில் ஊற்றுபவர் முதலில் மெல்லிசாக ஆரம்பித்து, நடுவில் ஒரு நொடி நிறுத்தி, பிறகு கொட்டினால் காற்றும் கசடும் உள்ளே இழுபடும். பத்துப் பெட்டிகளைக் கைபேசியில் படம் பிடித்து, உலோகம் ஊற்றுவாயான கப்பைத் தொட்ட நொடியிலிருந்து ரைசரில் எழும் நொடி வரை எண்ணினால் உண்மையான நேரம் கிடைக்கும். செலவே இல்லாத அளவீடு. ஆனாலும் யாரும் எடுப்பதில்லை.

கணினி வார்ப்பைச் சிறு செல்களாகப் பிரிக்கும் மெஷ் விஷயத்தில் அவசரம் கூடாது. 5 மி.மீ. சுவருள்ள வார்ப்புக்கு 5 மி.மீ. செல் போட்டால் சுவரின் குறுக்கே ஒரே ஒரு செல்தான் நிற்கும். வெளிப்பக்கம் குளிர்ந்து நடுப்பக்கம் சூடாக இருப்பதை ஒற்றைச் செல்லால் காட்ட முடியாது. குறைந்தது மூன்று செல் வேண்டும், அதாவது 1.6 மி.மீ. செல்லின் அளவைப் பாதியாக்கினால் எண்ணிக்கை 8 மடங்காகும், காலப்படியும் சிறிதாவதால் ஓடும் நேரம் அதற்கும் மேல் கூடும். அதனால் அனுபவசாலிகள் முதலில் நிரப்புதலை விட்டுவிட்டு உறைதலை மட்டும் கொஞ்சம் பெரிய செல்லில் ஓட்டி ரைசர் இடத்தை முடிவு செய்வார்கள். பிறகு கேட்டிங்கை (உலோகம் அச்சுக்குள் போகும் வழிகளை) வரைந்து, நுண்ணிய மெஷ்ஷில் முழு ஓட்டத்தை இரவில் போட்டுவிட்டுப் போவார்கள். மாடல் கோப்பிலும் கவனம் வேண்டும். வாடிக்கையாளர் அனுப்புவது மெஷினிங் முடிந்த பாகத்தின் வடிவம். அதில் மெஷினிங் அலவன்ஸ் (கடைந்தெடுக்க விடும் கூடுதல் தடிமன்), டிராஃப்ட் (பேட்டர்ன் கழல விடும் சாய்வு), ஃபில்லெட் (மூலை வளைவு) எதுவும் இருக்காது. ஒரு முகத்தில் 3 மி.மீ. அலவன்ஸ் சேர்ந்தாலே 12 மி.மீ. தட்டு 15 ஆகிவிடும், மாடுலஸ் மாறிவிடும். போரை (துளையை) வார்ப்பிலேயே கோர் வைத்து எடுக்கப்போகிறோமா, சாலிடாக ஊற்றித் துளைக்கப்போகிறோமா என்பதும் மாடலில் தெளிவாக இருக்க வேண்டும்.

படத்தைப் படிப்பதும் ஒரு தனி வேலை. சிவப்பாக இருந்தால் குழி என்று பலர் நினைக்கிறார்கள். கடைசியில் உறையும் இடம் எல்லாமே குழி ஆகாது. அது ரைசருக்குள் இருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. பார்க்க வேண்டியது, ஏறத்தாழ 70 சதவீதம் உறைந்த கட்டத்தில் ரைசரோடு தொடர்பு அறுந்து தனித் தீவாக நிற்கும் திரவம் எங்கே என்பது. ஸ்டீலுக்கு நியாமா அளவுகோல் உண்டு. வெப்பச் சரிவை, குளிரும் வேகத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் எண். 1982-இல் ஜப்பானில் வகுத்தது. செ.மீ., நிமிடக் கணக்கில் அது 1-க்குக் கீழே போனால் மையக்கோட்டு ஷ்ரிங்கேஜ் வரலாம் என்பது வழக்கம். மி.மீ., விநாடிக் கணக்கில் அதே எல்லை 0.775. திரையில் எந்த அலகு என்று பார்க்காமல் 1 என்று பிடித்துக்கொள்கிறவர்கள் தேவையில்லாமல் ரைசரைப் பெரிதாக்குகிறார்கள்.

எஸ்.ஜி. அயர்னில் (உருண்டை கிராஃபைட் இரும்பில்) இதே அளவுகோலைக் கொண்டுவருவது இன்னும் பெரிய தவறு. அங்கே கிராஃபைட் பிரியும்போது உலோகம் விரிகிறது. அந்த விரிவே சுருக்கத்தை ஈடுகட்ட உதவுகிறது. ஆனால் விரிவின் அழுத்தத்தை அச்சு தாங்க வேண்டும். மோல்டு ஹார்ட்னஸ் (மணல் அச்சின் கடினம்) பி ஸ்கேலில் 90 இருந்தால் சுவர் நிற்கும். 70 இருந்தால் சுவர் பின்னே நகரும், அச்சின் உள்வெளி பெரிதாகும், விரிவு முழுவதும் வீணாகி உள்ளே ஷ்ரிங்கேஜ் வரும். கார்பன் ஈக்விவலன்ட் (கார்பன், சிலிக்கான் சேர்ந்த அளவு), எஞ்சிய மெக்னீசியம், இனாகுலேஷன் (கிராஃபைட் உருவாகத் தூண்டும் பொடி சேர்ப்பது) முடிந்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்பவையும் சேர்ந்துதான் விடை. எஞ்சிய மெக்னீசியம் 0.035 முதல் 0.050 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேலே ஏற ஏறச் சுருக்கம் கூடும், கீழே போனால் கிராஃபைட்டின் உருண்டை வடிவம் கெடும். சிமுலேஷன் திரையில் இவற்றில் பலவும் “இனாகுலேஷன்: நன்று” என்ற ஒரே ஒரு தேர்வில் அடங்கிவிடுகின்றன. ஊற்றத் தாமதமாகி லேடில் பதினைந்து நிமிடம் நின்ற நாளில் அந்தத் தேர்வு பொய்.

மென்பொருள் வழக்கமான ஓட்டத்தில் காட்டாத குறைகளும் உண்டு. கிரீன் சாண்டில் (ஈரக் களிமண் சேர்ந்த மணலில்) ஈரம் 3.5 சதவீதத்திலிருந்து 5-க்கு ஏறினால், பெர்மியபிலிட்டி (வாயு வெளியேறும் தன்மை) குறைந்தால் புளோஹோல் (வாயுத் துளை) வரும். கோரில் ரெசின் அதிகமாகி வென்ட் (வாயு வழி) அடைபட்டாலும் வரும். சில் துருப்பிடித்திருந்தால், அதன்மேல் ஈரம் படிந்திருந்தால் ஒட்டிய இடத்திலேயே வாயுத் துளை விழும். திரையில் அதே சில் அற்புதமாக வேலை செய்வதாகக் காட்டும். பல பவுண்டரிகளின் ரிஜெக்ஷனைப் பிரித்துப் பார்த்தால் மணல் சார்ந்த குறைகளே கணிசமாக இருக்கும். அவற்றுக்கு மருந்து மணல் சோதனைக்கூடம். சிமுலேஷன் வாங்கினால் எல்லா ரிஜெக்ஷனும் குறையும் என்று சொல்லி மையத்தைத் தொடங்காதீர்கள். ஆறு மாதத்தில் நம்பிக்கை போய்விடும், பிறகு எவ்வளவு நல்ல வேலை செய்தாலும் ஆள் வரமாட்டார்கள்.

ஓசூரில் இரு சக்கர வாகனம், கனரக வாகனம் இரண்டுக்கும் உதிரிபாகம் போகிறது. ஆகவே அலுமினியத்தைத் தனியே சொல்ல வேண்டும். டை என்னும் உலோக அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்தும் பிரஷர் டைகாஸ்டிங்கில் கணக்கே வேறு. ஏடிசி 12 அலுமினியக் கலவையில் ஓவர்ஃப்ளோ சேர்த்து 600 கிராம் பாகம் என்றால் திரவக் கன அளவு 240 க.செ.மீ. அதை 40 மில்லி விநாடியில் நிரப்ப விநாடிக்கு 6 லிட்டர் ஓட்டம் வேண்டும். உலோகம் அச்சுக்குள் நுழையும் கேட்டில் வேகம் விநாடிக்கு 40 மீட்டர் என்று பிடித்தால் கேட் பரப்பு 150 ச.மி.மீ.; 2 மி.மீ. தடிமனுக்கு 75 மி.மீ. நீளம். உலோகத்தைத் தள்ளும் 60 மி.மீ. பிளஞ்சரின் இரண்டாம் கட்ட வேகம் விநாடிக்கு 2.1 மீட்டர் வர வேண்டும். மெஷினில் அந்த வேகம் உண்மையில் வருகிறதா என்று ஷாட் கர்வ் (தள்ளும் வேகத்தின் வரைபடம்) எடுத்துப் பார்க்காமல், மெஷின் திரையில் செட் செய்த எண்ணையே சிமுலேஷனுக்குக் கொடுத்தால் விடை பயன்படாது. பழைய மெஷின்களில் அக்குமுலேட்டர் நைட்ரஜன் அழுத்தம் இறங்கி, செட் செய்த வேகம் எட்டாமலே ஓடும். டை வெப்பநிலையையும் முதல் ஷாட்டில் பார்த்துப் பயனில்லை. எட்டு, பத்துச் சுற்று ஓட்டி டை நிலைப்பட்டபின்தான் எந்த மூலை சூடாகி, உலோகம் ஒட்டிக்கொள்ளும் சால்டரிங் ஆகிறது என்று தெரியும். ஸ்ப்ரே எத்தனை விநாடி, டை திறந்திருக்கும் நேரம் எவ்வளவு என்பது எல்லாம் அந்த ஓட்டத்தில் இருக்க வேண்டும்.

மணலில் ஊற்றும் அலுமினியத்துக்கு எதிர்ப்பக்கம் கவலை. இன்கேட்டில் வேகம் விநாடிக்கு அரை மீட்டரைத் தாண்டினால் மேற்பரப்பு கிழிந்து ஆக்சைடு படலம் உள்ளே மடியும். 12.7 மி.மீ. உயரத்திலிருந்து விழுந்தாலே அந்த வேகம் வந்துவிடும். 200 மி.மீ. ஸ்புரூவின் அடியில் வேகம் விநாடிக்கு 2 மீட்டர். ஆகவே இன்கேட் பரப்பு ஸ்புரூ அடியைப்போல நான்கு மடங்காவது வேண்டும்; ரன்னரில் (ஸ்புரூவிலிருந்து இன்கேட்டுக்குப் போகும் வழியில்) செராமிக் ஃபோம் ஃபில்டர் இருந்தால் நல்லது. பரப்பைக் கூட்டினால் மட்டும் வேகம் குறைந்துவிடாது. ரன்னர் நிரம்பாமல் உலோகம் ஒரு பக்கமாக ஓடி, கடைசி கேட்டில் மட்டும் பாய்வதைச் சிமுலேஷன் தெளிவாகக் காட்டும். இது அது நன்றாகச் செய்யும் வேலை.

எல்லாவற்றுக்கும் மேலே சரிபார்ப்பு. மையத்தின் முதல் வேலை இதுவாகத்தான் இருக்க வேண்டும். எளிய படிக்கட்டு வடிவ வார்ப்பு ஒன்றை எடுங்கள். 10, 20, 40 மி.மீ. தடிமன். மணலில் உலோகத்தின் ஓரத்திலிருந்து 5, 15, 30 மி.மீ. தள்ளி மூன்று கே வகைத் தெர்மோகப்பிள். 40 மி.மீ. பகுதியின் நடுவில் குவார்ட்ஸ் குழாய்க்குள் எஸ் வகை ஒன்று. விநாடிக்கு ஒரு முறை பதியும் டேட்டா லாகர். ஊற்றியபின் கிடைக்கும் குளிர்வுக் கோட்டையும் கணினி தரும் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். உறைந்து முடியும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் நம் மணலின் வெப்பக் கடத்தலைத் திருத்த வேண்டும். உலோகத்துக்கும் அச்சுக்கும் இடையிலான வெப்பப் பரிமாற்ற எண்ணைப் பலர் முதலில் திருகுவார்கள். மணல் அச்சில் வெப்பத்தைத் தடுப்பது பெரும்பாலும் மணல்தான்; அந்த எண் சில்லிலும் டையிலும்தான் விடையைப் புரட்டும். பிறகு வார்ப்பை அறுத்து, முகத்தைத் தேய்த்து, பிளவைக் காட்டும் சாயம் (டை பெனட்ரன்ட்) பூசி, குழி எங்கே விழுந்திருக்கிறது என்று படத்தோடு ஒப்பிடுங்கள். கிரே அயர்ன், எஸ்.ஜி., ஸ்டீல், அலுமினியம் நான்குக்கும், நம் ஊர்ப் பவுண்டரிகள் வாங்கும் மணலிலும் பென்டோனைட் களிமண்ணிலும் இதைச் செய்து முடித்தால், மென்பொருளோடு வரும் அயல்நாட்டுத் தரவுத்தளத்துக்குப் பக்கத்தில் நமக்கென்று ஒரு தரவுத்தளம் நிற்கும். லைசென்ஸைவிட அதுதான் சொத்து.

இனி எங்கள் கோரிக்கை. மேக்மாசாஃப்ட், புரோகாஸ்ட், ஐஐடி பம்பாய் ஆய்விலிருந்து வந்த ஆட்டோகாஸ்ட் என்று தேர்வுகள் இருக்கின்றன. எதை வாங்கினாலும் ஒத்துக்கொள்கிறோம். வாங்கும் முன், நம் பவுண்டரிகளில் திரும்பத் திரும்பக் குறை விழும் ஐந்து வார்ப்புகளை விற்பனையாளரிடம் கொடுங்கள். குறை எங்கே என்று சொல்லாமல் கொடுங்கள். சரியான இடத்தைக் காட்டுகிறவரோடு விலை பேசுங்கள். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை மூன்று ஆண்டுக்கு முன்கூட்டியே ஒதுக்குங்கள். அது நின்றால் மென்பொருள் பழசாகி மூலையில் கிடக்கும். லைசென்ஸுக்கு வைக்கும் தொகைக்குப் பக்கத்தில் டேட்டா லாகர், டிப் தெர்மோகப்பிள், தெர்மல் அனாலிசிஸ் கப், மணல் சோதனைக் கருவிகள், அறுத்துப் பார்க்க ஒரு பேண்ட்சா ஆகியவற்றுக்கும் தனித் தலைப்பில் பணம் இருக்கட்டும். வார்ப்பு வெளியே போகும் முன் ஸ்பெக்ட்ரோவில் கலவை பார்க்கும் வசதி பல பவுண்டரிகளில் ஏற்கெனவே உண்டு. அதை இரண்டாவது முறை வாங்க வேண்டாம்.

ஆள் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். மையத்தில் உட்காரும் பொறியாளர் வாரத்தில் இரண்டு நாளாவது மோல்டிங் தளத்தில் நிற்க வேண்டும் என்று பணி நிபந்தனையிலேயே எழுதுங்கள். மாடலிங் தெரிந்த கல்லூரி மாணவரும், இருபது வருடம் ரைசர் வைத்துப் பழகிய பேட்டர்ன் மேஸ்திரியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் விடை வரும். பர்கூர், தர்மபுரி கல்லூரிகள் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு இந்தச் சரிபார்ப்பு வேலைகளை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குழுவும் ஒரு பவுண்டரி, ஒரு வார்ப்பு, அறுத்த முகத்தின் படம் என்று முடிக்கட்டும். ஐடிஐ மாணவர்களுக்கு ஊற்றும் நேரம், வெப்பநிலை, மோல்டு ஹார்ட்னஸ் மூன்றையும் அளக்கக் கற்றுக்கொடுத்தாலே பாதி வேலை நடந்துவிடும்.

அறிக்கை நாற்பது பக்கம் வேண்டாம். தமிழில் ஒரே பக்கம் போதும். ரைசர் எங்கே, என்ன அளவு, சில் எங்கே, ஊற்று வெப்பநிலை எதிலிருந்து எதுவரை, எத்தனை விநாடியில் நிரப்ப வேண்டும், எந்த நிலைமையில் இந்த முடிவு செல்லாது. அதை மோல்டிங் தளத்தில் ஒட்டுவோம். வட மாநிலங்களிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் தோழர்களுக்கு இந்தியிலும் அதே பக்கம் வேண்டும். பெரும்பாலான இடங்களில் லேடிலைப் பிடிப்பது அவர்கள்தான். பவுண்டரிகள் கொடுக்கும் டிராயிங் வெளியே போகாது என்ற எழுத்துறுதியும் வேண்டும். அது இல்லாவிட்டால் போட்டியாளருக்குப் பயந்து யாரும் உண்மையான வேலையைக் கொண்டுவரமாட்டார்கள்.

படிக்கட்டு வார்ப்புக்கான பேட்டர்ன், நான்கு உலோகத்திலும் ஊற்ற ஒரு லேடில் அளவு உலோகம், அறுத்துப் பார்க்கக் குறை விழுந்த வார்ப்புகள், அவற்றின் ஊற்றுப் பதிவுகள் அனைத்தையும் எங்கள் தரப்பிலிருந்து தருகிறோம். டெண்டர் நிபந்தனைகள் எழுதும் முன் உங்கள் அதிகாரிகளும் பேராசிரியர்களும் ஒரு நாள் காலையிலேயே வந்து, முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பாதுகாப்புக் காலணியும் கண்ணாடியும் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்.

இப்படிக்கு,
ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரப் பவுண்டரிகளில் மெத்தடிங் (ரைசர், கேட்டிங் வடிவமைப்பு), பேட்டர்ன், உருக்குதல், மணல் சோதனைப் பணிகளில் இருப்போர்